உணவுக் குறிப்பேட்டுக்கு ஒரு தராசு: ஏழு வாரப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

நீரிழிவுக்கு மருந்து எடுக்கத் தொடங்கியபின் வைத்தியர் என்னிடம் ஒரு வாரத்து உணவை எழுதிவரச் சொன்னார். ஒவ்வொரு நாளும் இரவு படுக்கப்போகுமுன் நினைவிலிருந்ததையெல்லாம் கொப்பியில் எழுதி, ஏழாம் நாள் கூட்டிப் பார்த்தபோது நாளொன்றுக்குச் சராசரி 1,450 கிலோகலோரி என்று வந்தது. வைத்தியர் கொப்பியையும் எனது எடைப் பதிவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், நீங்கள் பொய் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் இதில் எல்லாம் வரவில்லை" என்றார். கணிதம் படிப்பிக்கிற எனக்கு அந்தச் சொல் பல நாட்கள் உறுத்தியது. அதன் விளைவாக வாங்கிய சமையலறைத் தராசு ஒன்றையும், அதற்கு முன்னரே கைத்தொலைபேசியில் இறக்கி வைத்திருந்த உணவுப் பதிவுச் செயலி ஒன்றையும் பற்றியதே இந்த மதிப்பீடு. முதல் வாரம் நினைவை மட்டும் நம்பியும், அடுத்த இரண்டு வாரங்கள் செயலியைக் கொண்டும், கடைசி நான்கு வாரங்கள் தராசைக் கொண்டும் எழுதினேன்.

வைத்தியர் சொன்னதற்கு அடிப்படையான கணக்கை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் தராசு தேவையா என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. அசையாமல் படுத்திருந்தாலும் உடல் செலவிடும் சக்தியை வயது, எடை, உயரம் ஆகியவற்றிலிருந்து கணிக்க முடியும். 52 வயது, 64 கிலோகிராம், 154 சென்ரிமீற்றர் என்ற எனது அளவுகளுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,180 கிலோகலோரி. எழுந்து நடந்து, பாடசாலை போய்வந்து வாழ்கிற ஒருவருக்கு இதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தேவைப்படும். 1991ஆம் ஆண்டில் கோல்ட்பேர்க் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் வகுத்த வரம்பின்படி, நீண்டகாலத்துக்குத் தன் எடையைக் குறையாமல் வைத்திருக்கும் ஒருவரின் உணவுச் சக்தி அந்த அடிப்படை அளவின் 1.35 மடங்குக்குக் கீழே இருப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. எனது கொப்பி காட்டிய விகிதம் 1.23. எடையோ மாதக்கணக்காக 64இலேயே நின்றது. ஆகவே பிழை எனது உடலில் இல்லை, எழுத்தில்தான் இருந்தது.

இது என் ஒருத்தியின் குறை அல்ல என்பதையும் அறிந்துகொண்டேன். உடல் செலவிடும் சக்தியை உணவுக் குறிப்பின் உதவியில்லாமலே அளக்க ஒரு வழி உண்டு. கன ஐதரசனும் கன ஒட்சிசனும் கொண்ட நீரைப் பருகக் கொடுத்து, அவை இரண்டும் உடலைவிட்டு நீங்கும் வேகங்களின் வித்தியாசத்திலிருந்து வெளியேறிய காபனீரொட்சைட்டின் அளவைக் கணித்து, அதிலிருந்து சக்தியைக் கணக்கிடுவார்கள். அந்த முறையைக் கொண்டு நியூயோர்க்கில் நடத்தப்பட்டு 1992ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் உடல் மெலிவதில்லை என்று சொன்னவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 வீதம் குறைத்து எழுதியிருந்தது தெரியவந்தது. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தாம் எழுதியதை உண்மை என்றே நம்பினார்கள்.

இனித் தராசுக்கு வருவோம். யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்துக்கு அண்மையில் பாத்திரங்களும் மின்பொருட்களும் விற்கும் கடையொன்றில், மூவாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கினேன். கண்ணாடித் தட்டு, 5 கிலோகிராம் வரை தாங்கும் வலு, 1 கிராம் வரை காட்டும் நுணுக்கம், இரண்டு சிறிய பற்றரிகள். வாங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். கடைக்காரத் தம்பி முகம் சுளிக்காமல் வெற்றுக் குவளையொன்றை வைத்துப் பூச்சியமாக்கி, நான் பையில் கொண்டுபோயிருந்த அளவுச் சாடியால் 200 மில்லிலீற்றர் தண்ணீரை ஊற்ற விட்டார். 199 காட்டியது. இரண்டாம் முறையும் அதையே காட்டியது. வீட்டுக் கணக்குக்கு இந்தத் திருத்தம் போதும். ஒரே பொருளை நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் பார்த்தபோதும் வித்தியாசம் 1 கிராமைத் தாண்டவில்லை. தராசு வாங்குகிற எவரும் இந்த இரண்டு சோதனைகளையும் கடையிலேயே செய்துவிட வேண்டும், அதற்குத் தண்ணீரைவிட மலிவான படிக்கல் இல்லை.

அதன் குறைகள் இரண்டு. தொடாமல் விட்டால் இரண்டு நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடுகிறது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியில் அணைந்தால், பூச்சியமாக்கி வைத்த பாத்திரத்தின் நிறையும் அதனோடு போய்விடும். இதற்காக வீட்டிலுள்ள சட்டி, பானை, கோப்பை ஒவ்வொன்றின் வெற்று நிறையையும் ஒருமுறை அளந்து, குசினிச் சுவரில் தாளொன்றில் எழுதி ஒட்டிவிட்டேன். மற்றது, உப்பு, மிளகு போன்றவற்றைச் சிறிது சிறிதாகத் தூவினால் தராசு அசையாமலே இருப்பது. சிறிய மாற்றங்களைத் தட்டின் நடுக்கம் என்று கருதித் தானே மீண்டும் பூச்சியத்துக்கு இழுத்துக்கொள்ளும் அமைப்பு இத்தகைய தராசுகளில் இருப்பதால் அப்படி நடக்கிறது. சேர்க்கும் பொருளை நிறுப்பதற்குப் பதிலாகப் போத்தலை நிறுத்துவிட்டு, பாவித்தபின் மறுபடியும் நிறுத்து, குறைந்ததைக் கழித்து எடுத்தால் இந்தச் சிக்கல் முற்றாக நீங்கிவிடும். எண்ணெய்க்கு இதைவிடச் சுத்தமான வழியும் இல்லை, கரண்டியில் ஒட்டி நிற்கும் எண்ணெயைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

எண்ணெய் என்றதும் அம்மாவைச் சொல்ல வேண்டும், எங்கள் வீட்டில் சமையல் அவருடையது. முதல் நாள் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தராசில் வைத்தபோது, "என்ன பிள்ளை, எண்ணெயையும் நிறுத்தே சமைக்கிறது? எனக்குக் கை அளவு தெரியாதே?" என்று மனம் நொந்தார். உங்கள் கையைத் திருத்துவதற்கல்ல அம்மா, என் கொப்பியைத் திருத்துவதற்கு என்று விளங்கப்படுத்த ஒரு வாரம் ஆனது. உணவுக் குறிப்பை எழுதுபவர் உண்பவர், ஆனால் அதற்குத் தேவையான தகவலில் பாதி சமைப்பவரின் கையில் இருக்கிறது என்பதை இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை என்பது என் எண்ணம். கோப்பையில் விழுந்த கத்தரிக்காய்க் குழம்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதனுள்ளே இருக்கும் எண்ணெய் தெரியாது. அம்மா அரைக் கிலோ கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்த நாளில் தாச்சியை முன்னும் பின்னும் நிறுத்தோம், கத்தரிக்காய் குடித்த எண்ணெய் 62 கிராம். கிராமுக்கு 9 கிலோகலோரி என்ற கணக்கில் அது ஏறத்தாழ 560. முழுக் குழம்பும் 780 கிராம் வந்தது, நான் போட்டுக்கொண்டது 130 கிராம், அதாவது ஆறிலொரு பங்கு. ஒரு கறியின் எண்ணெயிலிருந்து மட்டும் 90 கிலோகலோரிக்கு மேல். முதல் வாரக் கொப்பியில் அதே கறிக்கு நான் எழுதியிருந்தது "கத்தரிக்காய், 2 மேசைக்கரண்டி" என்பது மட்டுமே.

சோறு வேறொரு பாடம். எங்கள் வீட்டில் அரிசி சுண்டால் அளக்கப்படுகிறது, சோறு கண்ணால் அளக்கப்படுகிறது. செயலி கேட்பதோ கிராம். 300 கிராம் புழுங்கலரிசி போட்டு, வெந்து கஞ்சி வடித்தபின் சோறு 840 கிராம் நின்றது, அதாவது 2.8 மடங்கு. அந்தக் கணக்கில் 100 கிராம் சோறு என்பது 36 கிராம் அரிசி, ஏறத்தாழ 127 கிலோகலோரி. குழைய வேகவிடும் வீட்டில் இந்த மடங்கு கூடும், உதிரியாக வடிக்கும் வீட்டில் குறையும், ஆதலால் ஒவ்வொரு வீடும் தனது மடங்கை ஒருமுறையாவது தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். என் மத்தியானக் கோப்பையில் 200 கிராம் சோறு இருப்பதாக நான் பல ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். தராசு 310 காட்டியது. உணவின் அளவு சிறிதாக இருக்கும்போது கூட்டியும், பெரிதாக இருக்கும்போது குறைத்தும் மதிப்பிடுவது மனிதக் கண்ணின் பொதுவான இயல்பு என்று ஆய்வாளர்கள் சொல்வது என் கோப்பையில் அப்படியே பலித்தது. கறிவேப்பிலைச் சம்பலைக் கூட்டியும் சோற்றைக் குறைத்தும் எழுதியிருந்தேன்.

புட்டுக்குத்தான் தராசு கட்டாயம் வேண்டும் என்பேன். செயலியில் புட்டு என்று தேடினால் குழாயில் அவித்தெடுக்கும் கேரளப் புட்டு வருகிறது, அளவு "ஒரு துண்டு" என்று இருக்கிறது. நீத்துப்பெட்டியில் அவித்துக் கொட்டிய எங்கள் புட்டில் துண்டு எங்கே? ஒரு காலை 400 கிராம் அரிசிமாவும் 150 கிராம் தேங்காய்ப்பூவும் போட்டு அவித்ததை நிறுத்துப் பார்த்தால் 880 கிராம். மாவிலிருந்து ஏறத்தாழ 1,450, தேங்காயிலிருந்து 530, மொத்தம் 1,980 கிலோகலோரி. நான் எடுத்துக்கொண்ட 220 கிராம் சரியாக நாலிலொரு பங்கு, அதாவது 495. கறியும் பழமும் சேர்க்காமலே இவ்வளவு. முதல் வாரத்தில் இதற்கு நான் 300 என்று குறித்திருந்தேன். குரக்கன் புட்டுக்கும் கணக்கு அவ்வளவாகக் குறைவதில்லை. குரக்கன் என்றதும் அளவைப் பற்றி யோசியாமல் விடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் நீரிழிவுக்காரரிடம் பரவலாக உண்டு என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

எலும்பும் சக்கையும் இன்னொரு சிக்கல். நண்டுக் கறியையும் முருங்கைக்காயையும் கோப்பையில் போடும்போது மட்டும் நிறுத்தால் ஓட்டையும் சக்கையையும் உண்டதாகவே கணக்கு வரும். ஆகவே சாப்பிட்டு முடிந்தபின் கோப்பையை அப்படியே மீண்டும் நிறுத்து, மிச்சத்தைக் கழித்தேன். விருந்தினர் இருக்கும்போது இதைச் செய்வதில்லை.

செயலியைப் பற்றி இவ்வளவு சாதகமாகச் சொல்ல முடியவில்லை. பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன், பார்த்தவரையில் இக்குறைகள் ஒன்றுக்கு மட்டும் உரியவை அல்ல. இடியப்பம் என்று தேடினால் ஒரே பெயரில் பல பதிவுகள் வருகின்றன, அவற்றில் ஒன்றின் பெறுமதி மற்றொன்றின் இரட்டிப்பு. பாவனையாளர்கள் தாங்களாகவே சேர்த்தவற்றை யாரும் சரிபார்த்ததற்கு அடையாளம் இல்லை. படமெடுத்தால் தானே கண்டுபிடிக்கும் வசதியும் இருக்கிறது, ஒடியற்கூழை அது பருப்புக் குழம்பு என்றது, சொதி ஊற்றிய இடியப்பத்தில் சொதியைக் காணவேயில்லை. படம் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது, முதற்பாலில் வைத்த சொதியா கப்பிப்பாலில் வைத்த சொதியா என்பது கமராவுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் படம் முழுக்கப் பயனற்றது என்று சொல்லமாட்டேன். பாடசாலையில், கலியாண வீட்டில், தராசு இல்லாத இடங்களில் எடுத்த படம், எதைச் சாப்பிட்டேன் என்பதை இரவில் எனக்கு ஞாபகப்படுத்தியது. எவ்வளவு என்பதை அதனிடம் கேட்கக் கூடாது.

செயலியின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. நாளின் இலக்கைத் தாண்டியதும் எண் சிவப்பாக மாறுகிறது. அந்தச் சிவப்பைக் கண்டபின் மாலையில் உண்ட இரண்டு மோதகத்தைப் பதிவதற்கு என் விரல் தயங்கியது, ஒருமுறை பதியாமலே விட்டேன். அளக்கும் கருவியே தீர்ப்பும் சொல்லத் தொடங்கினால் அளப்பவர் அதனிடம் மறைக்கத் தொடங்குவார். வகுப்பில் புள்ளி குறைந்தால் பெயரை உரத்து வாசிக்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் சந்தேகம் கேட்பதில்லை, இதுவும் அதே கதைதான். இலக்கை நீக்கிவிட்டு வெறும் பதிவாக வைத்திருக்கும் வழி அமைப்புகளுக்குள் ஆழத்தில் இருந்தது, அதைத் தேடிப்பிடித்தபின்தான் செயலி எனக்குப் பயன்பட்டது. இப்போது அதை அம்மாவின் சமையல் முறைகளைச் சேமித்து வைக்கவும் கூட்டல் செய்யவும் மட்டுமே பாவிக்கிறேன். சொந்தச் சமையல் முறையின் பொருட்களையும் முடிவு நிறையையும் கொடுத்தால், அடுத்த முறை கிராமைக் கொண்டே பங்கைக் கணக்கிட்டுத் தருகிறது, இந்த ஒரு வசதி நன்றாகவே வேலை செய்கிறது.

தராசு நிறுக்கும், மறந்ததை நினைவூட்டாது. அதற்கு ஒரு பழைய முறையைக் கைக்கொண்டேன். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆய்வுகளில், முதல்நாள் உண்டதை ஒருவரிடம் ஒரே மூச்சில் கேட்காமல் ஐந்து சுற்றுகளாகக் கேட்பார்கள். முதலில் நினைவுக்கு வருவதையெல்லாம் இடைமறிக்காமல் சொல்லவிடுவது, அடுத்து வழமையாக மறக்கப்படும் வகைகளைப் பெயர் சொல்லிக் கேட்பது, பின் நேரமும் வேளையும், பின் அளவும் சமைத்த விதமும், கடைசியாக வேறெதுவும் உண்டா என்று ஒருமுறை. நான் இரவில் மகளிடம் கொப்பியைக் கொடுத்து அப்படியே கேட்கச் சொன்னேன். மறக்கப்படும் வகைகளின் பட்டியலை மட்டும் எங்கள் ஊருக்கேற்ப மாற்றினோம். ஆசிரியர் அறையில் யாரோ நீட்டிய பருத்தித்துறை வடை, கோயிலில் வாங்கிய சர்க்கரைப் பொங்கல், தேத்தண்ணியோடு கடித்த பனங்கட்டி, உப்புப் பார்க்க நாக்கில் விட்ட குழம்பு, மகன் மிச்சம் வைத்த றோல்ஸ், பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் கொறித்த கச்சான். "அம்மா, இன்றைக்குக் கச்சான்?" என்று அவள் கேட்ட பிறகுதான் அரைப் பொட்டலம் நினைவுக்கு வந்த நாட்கள் பல. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இந்தப் பட்டியலில் ஐஸ்கிறீமையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

தேத்தண்ணிக்குப் போடும் சீனியை ஒருமுறை நிறுத்ததோடு அந்தக் கணக்கும் தீர்ந்தது. மட்டமான தேக்கரண்டி 4 கிராம், எங்கள் வீட்டில் அள்ளும் குவிந்த கரண்டி 7 கிராம். நாளுக்கு மூன்று கோப்பை என்றால் 12 கிராம் என்று எழுதியது உண்மையில் 21 கிராம். போத்தலில் அடைத்த குளிர்பானங்களுக்கு நிறுவை வேண்டியதில்லை. 2016 முதல் இலங்கையில் அவற்றின் மேல் சீனி அளவுக்கேற்ற நிறக்குறி இருக்கிறது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. அளவும் போத்தலிலேயே எழுதப்பட்டிருப்பதால் அப்படியே கொப்பியில் எழுதிக்கொள்ளலாம்.

கடையில் சாப்பிடும் உணவுக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. ஒருமுறை கொத்துரொட்டியைப் பொதியாக வீட்டுக்கு வாங்கி வந்து நிறுத்தேன், நிறை தெரிந்தது, எண்ணெய் தெரியவில்லை. அத்தகைய நாட்களைக் கொப்பியில் வட்டமிட்டு "மதிப்பீடு" என்று எழுதிவைக்கிறேன். சரியாகத் தெரியாததைச் சரியாகத் தெரிந்ததுபோல் மூன்று இலக்கத்தில் எழுதுவதைவிட இது வைத்தியருக்கு உதவியது.

நான்கு வாரத் தராசுப் பதிவின் சராசரி 1,910 கிலோகலோரி. அடிப்படை அளவின் 1.62 மடங்கு, என் நடமாட்டத்துக்கும் அசையாத எடைக்கும் பொருந்தும் எண். முதல் வாரத்துக்கும் இதற்கும் இடையிலுள்ள 460இல் சோறு 140, எண்ணெயும் தேங்காயும் 180, சீனி 36, மிச்சம் மறந்துபோன தின்பண்டங்கள். நான் உண்பதில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு என் கண்ணுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இந்தக் கொப்பியைப் பார்த்த வைத்தியர் சோற்றை அறவே நிறுத்தச் சொல்லவில்லை. மத்தியானச் சோற்றை 220 கிராமுக்குக் கொண்டுவரவும், பொரித்த குழம்பை வாரத்தில் ஒருநாளாக்கவும் சொன்னார். பழைய கொப்பியை நம்பியிருந்தால் மருந்தைக் கூட்டியிருப்பேன் என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே தராசின் விலை எனக்குப் பெறுமதியாகப் பட்டது.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். உணவைப் பற்றி ஏற்கெனவே அஞ்சி அஞ்சி உண்பவர்களுக்கு ஒவ்வொரு பிடியையும் நிறுப்பது நோயைக் கூட்டலாம். அவர்கள் வைத்தியரின் ஆலோசனை இல்லாமல் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் இடைவிடாமல் எழுத வேண்டியதில்லை. எழுதுகிறோம் என்பதனாலேயே உண்பதை மாற்றிக்கொள்ளும் போக்கு எவருக்கும் உண்டு. நிறுக்கச் சோம்பலாக இருப்பதால் இரண்டாவது இடியப்பத்தட்டைத் தொடாமல் எழுந்த நாட்கள் எனக்கும் இருந்தன, அந்த நாட்களின் பதிவு உண்மையாயினும் என் வழமையான உணவைக் காட்டுவதில்லை. நாட்கள் நீள நீள எழுத்தும் சுருங்குகிறது, தராசு பாவித்த நான்காம் வாரத்துப் பக்கங்களில் என் வரிகள் அதன் முதல் வாரத்தின் பாதியளவே இருந்தன. ஆகையால் இனி மாதத்தில் மூன்று நாட்கள் மட்டும் நிறுத்து எழுதுவதாக வைத்தியருடன் ஒப்பந்தம் செய்திருக்கிறேன். பாடசாலை நாளொன்று, மரக்கறி மட்டும் சமைக்கும் வெள்ளிக்கிழமை ஒன்று, மீனோ இறைச்சியோ சமைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று. எந்தத் திகதி என்பதை மகள் முதல்நாள் இரவுதான் சொல்வாள்.